படியும் வீசையும்

அளவறிந்து சமைப்பது ஒரு கலை. அளவறிந்து வாங்குவது மற்றொரு கலை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சிறு பாலம் உண்டு. அப்பாலத்தைக் கடக்க அறியாதார் படும் இடர்ப்பாட்டை நம் காலனியார் ஒருமுறை கண்கூடாகக் கண்டனர். அதனை எடுத்துரைத்து, அப்பாலத்தின் வரலாற்றையும் ஒருவாறு கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் மலரில் ஆண்டுதோறும் அறிஞர் பெருமக்கள் இலக்கியம் பற்றியும் கலை பற்றியும் எழுதி வருகின்றனர். நாமோ பள்ளியிறுதி வகுப்பிற்கு மேல் படித்தோமல்லோம். கரக்பூரில் இரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்து வருகின்றோம். ஆயினும் எடையும் அளவும் நம் அன்றாடத் தொழிலாதலின், இப்பொருள் பற்றி நாலு சொல் கூற நமக்கும் உரிமை உண்டெனத் துணிந்து எழுதுகின்றோம். பிழை காணின் பெரியோர் பொறுத்தருள்க.

கடைசிப் பந்தி

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் சர்க்கரைப் பொங்கல் செய்வதென முடிவாயிற்று. எம் பாட்டியார் கையால் எழுதிய சமையற் குறிப்பேடு எம் இல்லத்தில் இருந்தது. அதில் முந்நூறு பேர்க்குரிய கணக்கு எழுதப்பட்டிருந்தது: அரிசி 10 படி, பாசிப்பருப்பு 2½ படி, வெல்லம் 15 வீசை, நெய் 2½ படி. இதனைக் கிலோவாக மாற்றிக் கடைக்குச் சீட்டு எழுதும் பொறுப்பு எம்மிடம் வந்தது. வீசை ஒன்றுக்கு 1 கிலோ 400 கிராம் என்பதை யாம் அறிவோம். ஆகவே வெல்லம் 21 கிலோ எனச் சரியாக எழுதினோம். படி என்றால் ஏறத்தாழ ஒரு கிலோ என்பது காதில் விழுந்து பழகிய பேச்சு. ஆகவே அரிசி 10 கிலோ, பருப்பு 2½ கிலோ, நெய் 2½ கிலோ என எழுதிவிட்டோம்.

விளைவு யாதாயிற்று? பொங்கல் பாயசம்போல் நெகிழ்ந்தது, தித்திப்போ தெவிட்டியது. அதனினும் கொடிது, அது போதவில்லை. முதற்பந்தியும் இரண்டாம் பந்தியும் உண்டு எழுந்தன. கடைசிப் பந்தியில் அமர்ந்தவர் யாவர்? பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி கட்டியவர், காலை முதல் பரிமாறிக் களைத்த இளைஞர், இரவுப் பணி முடித்து நேரே வந்த தொழிலாளத் தோழர் ஆகியோரே. அவர்கள் இலையில் ஒரு கரண்டி கூட முழுமையாக விழவில்லை. அப்போது காலனியின் மூத்த அம்மையார் ஒருவர் எம்மை அழைத்து, “தம்பி, படி வேற, கிலோ வேற. பட்டணம் படியில அரிசி ஒரு வீசை நிக்கும். வெல்லத்தை மட்டும் வீசையில வாங்கிட்டு, அரிசியை விட்டுட்டீங்களே!” என்றார். பகலெல்லாம் எடைமேடையின் பக்கத்தில் நிற்கும் எமக்கு அச்சொல் சுட்டது. அன்று தொடங்கிய ஆராய்ச்சியே இக்கட்டுரை.

முகத்தலும் நிறுத்தலும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்கு வகைப்படும் என்பது நம் முன்னோர் கண்ட பாகுபாடு. தேங்காயை எண்ணுகிறோம், புளியை நிறுக்கிறோம், அரிசியை முகக்கிறோம், துணியை நீட்டி அளக்கிறோம். சமையலறையில் முதல் மூன்றும் ஒருங்கே வழங்குகின்றன.

தமிழகத்து முகத்தலளவை வாய்பாடு பெரியோர் பலர்க்கு இன்றும் நினைவிருக்கும். 360 நெல் கொண்டது ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி, அதுவே படி. 8 நாழி ஒரு குறுணி, அதுவே மரக்கால். 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். ஆகவே படிக்கு ஆழாக்கு எட்டு. கலத்திற்கு மரக்கால் பன்னிரண்டு.

நிறுத்தலளவையோ வேறு. 3 தோலா எடை ஒரு பலம். 8 பலம் ஒரு சேர். 5 சேர் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. தோலா ஒன்றுக்கு 11.66 கிராம் ஆதலின், பலம் 35 கிராமும், வீசை 1 கிலோ 400 கிராமும், மணங்கு 11 கிலோ 200 கிராமும் ஆகின்றன.

இவ்விரண்டு வாய்பாடுகளும் இரண்டு தண்டவாளங்களைப் போன்றவை. பக்கம் பக்கமாகச் செல்லும். தாமாக ஒன்று சேரா. முகத்தல் பாத்திரத்தின் வயிற்றைச் சொல்லும். நிறுத்தல் பொருளின் கனத்தைச் சொல்லும். ஒரே படியில் பொரியும் கொள்ளும், உப்பும் கொள்ளும். இரண்டின் கனமும் ஒன்றாகுமோ? ஆகவே “ஒரு படி எத்தனை கிலோ?” என்ற வினா குறைபாடுடைய வினா. “எந்தப் பொருள்?” என்ற எதிர்வினாவே அதற்கு முதல் விடையாகும். எம் தவறு அனைத்தும் இவ்வெதிர்வினாவை எழுப்பாததால் வந்ததே.

கல்வெட்டில் ஒரு மடைப்பள்ளி

நம் முன்னோர் இவ்வேற்றுமையை நன்கறிந்திருந்தனர் என்பதற்குக் கல்வெட்டுகளே சான்று. திருநெல்வேலிச் சீமை அம்பாசமுத்திரத்தில் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அது ஒன்பதாம் நூற்றாண்டினது. கோயிலுக்கு 290 காசு முதலாக வைக்கப்பட்டது. அதன் வட்டியாக ஆண்டுதோறும் 580 கலம் நெல் வரவேண்டும். அதனைக் கொண்டு நாள்வழிபாட்டுக்கு அமுது படைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அந்த அமுதுக்குரிய பண்டங்களைக் கூறும்போது அரிசியை நாழியாலும், சர்க்கரையைப் பலத்தாலும், வாழைப்பழத்தை எண்ணிக்கையாலும் குறித்துள்ளனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய அப்பட்டியலும் எம் பாட்டியாரின் குறிப்பேடும் ஒரே முறையில் அமைந்திருத்தல் காண்க!

இனித் தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்ப்போம். முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய அப்பெருங்கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். அது இராசகேசரி என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்பதையும் கல்வெட்டு தெளிவாகக் கூறுகின்றது. பொன் நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர்; மணிகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். வாளா மரக்கால் என்று எழுதாமல், எந்த மரக்கால், அது எதற்கு ஒத்தது என்று எழுதியது ஏன்? பெயர் ஒன்றாயினும் பாத்திரம் வேறாகலாம் என்பதை அந்நாளைய கணக்கர் உணர்ந்திருந்தமையால் அன்றோ?

அக்கல்வெட்டுகளில் மற்றொரு செய்தியும் உண்டு. ஐந்து அளவு நெல்லுக்கு இரண்டு அளவு அரிசி என்னும் விகிதத்தை அவை கையாளுகின்றன. இதனைப் படித்த நண்பர் ஒருவர், “நூற்றுக்கு நாற்பதுதானே தேறியிருக்கிறது? அந்நாளில் நெல் குத்தும் முறை அவ்வளவு தாழ்ந்ததோ?” என்று எம்மை வினவினார். இங்கும் பழைய இடறல்தான். இவ்விகிதம் முகத்தல் விகிதம். நிறுத்தல் விகிதம் அன்று. நெல் உமியோடு கூடியதாதலின் இடத்தை அடைத்துக்கொள்ளும். லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 580 கிராமே நிற்கும். அரிசியோ 850 கிராம் நிற்கும். ஐந்து லிட்டர் நெல்லின் எடை 2,900 கிராம். இரண்டு லிட்டர் அரிசியின் எடை 1,700 கிராம். கணக்கிட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ ஐம்பத்தொன்பது. இன்றைய ஆலைகளில் நூற்றுக்கு அறுபத்தைந்து அளவில் தேறுகிறது. உரலும் உலக்கையும் கொண்டு குத்திய கைகளுக்கு ஐம்பத்தொன்பது தாழ்வான தேர்ச்சியாகுமோ? அளவையை மாற்றிப் படித்தால், நம் முன்னோரின் உழைப்பையே நாம் குறைத்து மதிப்பவராவோம்.

நெல்மணிக் கணக்கு

பழைய கணக்கு வாய்பாடுகளில் சுவையான பகுதி ஒன்று உண்டு. ஒரு படி கொள்ளும் மணிகளின் எண்ணிக்கை பொருளுக்குப் பொருள் எவ்வாறு மாறும் என்பதை அது கூறும்: அவரை 1,800, மிளகு 12,800, நெல் 14,400, பயறு 14,800, அரிசி 38,000, எள் 1,15,200. பாத்திரம் ஒன்றே, அதனுள் புகும் பொருளுக்கு ஏற்ப எண் மாறும் என்னும் உண்மையைப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாக யார் கற்பிக்க வல்லார்?

ஆயினும் இவ்வாய்பாட்டை இன்றைய படிக்கு அப்படியே பொருத்தலாகாது. ஆயிரம் நெல்மணிகள் வகைக்கேற்ப 20 முதல் 25 கிராம் வரை எடை காணும். அவ்வாறாயின் 14,400 நெல்லின் எடை 290 கிராமுக்கும் 360 கிராமுக்கும் இடைப்பட்டது. எம் பாட்டியாரின் படியிலோ நெல் 950 கிராமுக்கு மேல் கொள்ளும். வாய்பாட்டில் உள்ள நாழி சிறியது. பிற்காலத்துப் பட்டணம் படி மிகப் பெரியது. படி என்ற பெயர் நின்றது, பாத்திரம் வளர்ந்துவிட்டது. ஆகவே ஏட்டுக் கணக்கை நம்புவதற்கு முன் வீட்டுப் பாத்திரத்தை அளந்து பார்த்தல் வேண்டும்.

சேருக்குச் சேர் வேறு

எம் பாட்டனார் 1946-ஆம் ஆண்டில் பெங்கால் நாகபுரி இரயில்வேயின் கரக்பூர்த் தொழிற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு பாட்டியார் செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பித்தளைப் படியுமாக வந்து சேர்ந்தார். வந்த வாரமே அண்டை வீட்டுப் பையனை அழைத்து, கடையில் ஒரு சேர் மிளகாய் வற்றல் வாங்கி வரச் சொன்னாராம். பையன் ஒரு கூடை நிறையச் சுமந்து வந்து நின்றான். பாட்டியார் திகைத்துப் போனார். கடைக்காரர் ஏமாற்றினாரல்லர், பையனும் தவறு செய்தானல்லன். சேர் என்ற சொல்தான் இருவர்க்கும் இரண்டு பொருள் தந்தது.

நம் நாட்டுச் சேர் 24 தோலா. அஃதாவது 280 கிராம். வங்காளத்துச் சேரோ 80 தோலா. அஃதாவது 933 கிராம். இவ்வூரில் 5 தோலா ஒரு சட்டாக், 4 சட்டாக் ஒரு போயா, 4 போயா ஒரு சேர், 40 சேர் ஒரு மணங்கு. அம்மணங்கு இரயில்வேக் கணக்கில் 82 2/7 இராத்தல். இன்றைய அளவில் 37 கிலோ 324 கிராம். நம் சென்னை மணங்கோ ஏறக்குறைய 25 இராத்தலே. சேருக்குச் சேர் வைத்துப் பார்த்தாலும், மணங்குக்கு மணங்கு வைத்துப் பார்த்தாலும், வங்காளத்து அளவு நம்மதைப் போல் மூன்றே மூன்றில் ஒரு பங்கு மிகுதி. பாட்டனார் இக்கணக்கைப் போட்டுக் காட்டி, “இனி இவ்வூரில் எதைக் கேட்டாலும் முதலில் மூன்றேகாலுக்கு மேல் வகுத்துக்கொண்டு கேள்” என்றாராம். பாட்டியார் அன்றே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அக்கணக்கை எழுதி வைத்தார்.

வேறொரு மாறுதலும் அவர்க்கு வியப்பளித்தது. ஊரில் அரிசிக் கடையில் படியை வைத்து அளப்பார்கள். முதற்படிக்கு ஒன்று என்னாமல் “லாபம்” என்று சொல்லித் தொடங்கி, பிறகு இரண்டு, மூன்று என எண்ணுவது வழக்கம். இங்கோ அரிசியும் தராசில் ஏறியது. லாபம் என்ற மங்கலச் சொல் கடையில் ஒலிக்கவில்லை. அதனால் வாங்கி வந்த அரிசியை வீட்டில் மீண்டும் படியால் அளந்து, “லாபம்” என்று தாமே சொல்லிக்கொண்டு பானையில் கொட்டுவாராம். கடை நிறுத்தலும் வீட்டு முகத்தலும் அன்றாடம் சந்தித்த இடம் எம் சமையலறையே. அவ்வாறு அளந்து அளந்தே அவர் மாற்றுக் கணக்கைக் கைவசப்படுத்தினார்.

சட்டம் வந்த கதை

நாடு முழுவதற்கும் ஒரே அளவை வேண்டும் என்ற எண்ணம் பழையது. 1871-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சேர் என்பது ஒரு கிலோகிராமுக்குச் சமம் என்றும், அந்த எடையுள்ள நீரைக் கொள்ளும் பாத்திரமே முகத்தலுக்கு அலகு என்றும் அது கூறியது. எடையையும் கொள்ளளவையும் இணைத்த அந்நல்ல சட்டம் ஏட்டளவிலேயே நின்றது, நடைமுறைக்கு வரவில்லை. பின்னர் 1939-ஆம் ஆண்டுச் சட்டம் 80 தோலாச் சேரையும் 40 சேர் மணங்கையும் தரமாகக் கொண்டது. ஆயினும் ஊருக்கு ஊர் பழைய வழக்கே ஓங்கி நின்றது.

விடுதலைக்குப் பின் மாறுதல் விரைந்து வந்தது. 1957 ஏப்ரல் முதல் நாளில் அணாவும் பைசாவும் போய் நயாபைசா வந்தது. 1956-ஆம் ஆண்டில் நிறைவேறிய எடை, அளவைத் தரச் சட்டப்படி, 1958 அக்டோபர் முதல் நாளில் கிலோகிராம் படிப்படியாக வழக்கிற்கு வரத் தொடங்கியது. 1962 ஏப்ரலில் நாடெங்கும் மெட்ரிக் எடை கட்டாயமாயிற்று. பழைய இரும்புப் படிக்குப் பதிலாக லிட்டர்ப் பாத்திரம் வந்தது. அதற்கும் மக்கள் படி என்றே பெயரிட்டழைத்தனர். “படி என்றால் கிலோ” என்னும் மயக்கம் பிறந்தது பெரும்பாலும் இங்கேதான் என்பது எம் துணிபு. பெரிய படி சிறிய லிட்டராயிற்று. லிட்டர் வாய்ப்பேச்சில் கிலோவாயிற்று. உண்மையில் லிட்டர்ப் படியில்கூட அரிசி 850 கிராமே நிற்கும்.

சட்டம் மாறினும் மக்கள் மனம் உடனே மாறுவதில்லை. மெட்ரிக் எடை கட்டாயமாகி ஐந்தாண்டு சென்ற பின்னும், 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் அரிசி பற்றிய வாக்குறுதி கிலோக் கணக்கில் எழவில்லை. ரூபாய்க்கு மூன்று படி என்றே எழுந்தது. அறிஞர் அண்ணாதுரை முதலமைச்சரான பின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டமும் நடந்தது. அரசியல் நமக்கு ஈண்டு வேண்டா. பசித்தவர் தம் பசியை எந்த அளவையால் அளந்தனர் என்பதற்கு இது ஒரு சான்று, அவ்வளவே.

பாட்டியாரின் கடைசிப் பக்கம்

ஆண்டு விழா இடர்ப்பாட்டிற்குப் பின் யாம் குறிப்பேட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தோம். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை! சேர்க் கணக்கு எழுதிய அதே கடைசிப் பக்கத்தின் அடியில், மை மங்கிய எழுத்தில், பின்வரும் வரிகள் இருந்தன: “ஆழாக்குக்கு: அரிசி 5 பலம். பருப்பு அதே. சர்க்கரை அதே. ரவை 4. கோதுமை மாவு 3. பொடி உப்பு 7. பால் 6. நெய் 5¼. பொரி அரை.”

பாலம் அங்கேயே கட்டப்பட்டிருந்தது. கடக்காமல் ஆற்றில் விழுந்தவர் யாமே. ஆழாக்கு அரிசி ஐந்து பலம் என்றால் எட்டு ஆழாக்குக் கொண்ட படி அரிசி நாற்பது பலம். நாற்பது பலம் ஒரு வீசை. மூத்த அம்மையார் சொன்னதும் இதுவே. பத்துப் படி அரிசிக்கு யாம் வாங்கியிருக்க வேண்டியது 14 கிலோ. வாங்கியது 10 கிலோ. குறைந்த நான்கு கிலோவே கடைசிப் பந்தியின் இலைகளைக் காலியாக வைத்தது.

அக்கணக்கை இன்றைய அளவையில் சோதித்துப் பார்க்க விரும்பினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியாரின் பித்தளைப் படியில் விளிம்பு வரை நீர் நிரப்பி, குறியிட்ட குவளையால் அளந்தோம். 1 லிட்டர் 650 மில்லி லிட்டர் கண்டது. எட்டில் ஒரு பங்கான ஆழாக்கு ஏறக்குறைய 206 மில்லி லிட்டர். பின் தலை தட்டி அரிசி அளந்து நிறுத்தோம். 1 கிலோ 400 கிராமுக்கு இரண்டொரு கிராமே வேறுபட்டது. தராசு இல்லாத சமையலறையில் கையால் அறிந்த கணக்கு அத்துணைத் திருத்தமாக இருந்தது!

செய்தி பரவவே, காலனியில் மேலும் நான்கு இல்லத்தார் தத்தம் படியை எடுத்து வந்தனர். எல்லாவற்றிலும் பெரியது 1,690 மில்லி லிட்டர் கொண்டது. எல்லாவற்றிலும் சிறியதாகிய தஞ்சைப் பக்கத்துச் சின்னப்படி 810 மட்டுமே கொண்டது. ஐந்து படிகளில் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒரே காலனியில், ஒரே சுவருக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் இரு இல்லங்களில், ஒரே குறிப்பைப் படித்துச் சமைத்தால், ஒருவர் அளந்ததில் பாதியே மற்றவர் அளந்திருப்பார். பாட்டியாரின் பலக் கணக்கு பட்டணம் படிக்கே உரியது. பிற படிக்கு அது பொருந்தாது என்பதையும் அன்று கற்றோம்.

இல்லத்தரசியர்க்கு ஒரு வாய்பாடு

ஆகவே எந்தப் படிக்கும் பொருந்தும் வண்ணம், ஒரு லிட்டர்க் கொள்ளளவில் நிற்கும் எடையை ஏறத்தாழக் கீழே தருகின்றோம். எல்லாம் தலை தட்டி அளந்த கணக்கு.

நெல் – 580 கிராம்
பச்சரிசி – 850 கிராம்
துவரம்பருப்பு – 830 கிராம்
சர்க்கரை – 830 கிராம்
ரவை – 700 கிராம்
கோதுமை மாவு – 520 கிராம்
பொடி உப்பு – 1,200 கிராம்
நெய் – 910 கிராம்
நல்லெண்ணெய் – 920 கிராம்
பால் – 1,030 கிராம்
தேன் – 1,400 கிராம்

இதனைக் கையாளும் முறை எளிது. முதலில் உங்கள் இல்லத்துப் படியையோ குவளையையோ நீரால் அளந்து, அது எத்தனை லிட்டர் கொள்ளும் என்று அடியில் எழுதி வைத்துக்கொள்க. பின், சமைக்கும் பொருளுக்குரிய மேற்கண்ட எண்ணால் அதனைப் பெருக்குக. சான்றாக, மின்சாரக் குக்கருடன் வரும் சிறு கோப்பை பெரும்பாலும் 180 மில்லி லிட்டர் கொள்ளும். அதனை 850-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அரிசி 153 கிராம். மாவுக்கோ அதே கோப்பை 94 கிராமே.

எல்லாக் குறிப்புக்கும் இம்மாற்றம் வேண்டுமோ எனின், வேண்டா. தோசைக்கு அரிசி நான்கு, உளுந்து ஒன்று என்பது முகத்தல் விகிதம். இவ்விரண்டும் கனத்தில் ஏறக்குறைய ஒத்தவையாதலின், அதே விகிதத்தில் நிறுத்துப் போட்டாலும் கேடில்லை. ஆனால் கேசரிக்கு ரவை ஒன்று, சர்க்கரை இரண்டு என்றால் நிலைமை வேறு. ரவை இலேசானது, சர்க்கரை கனமானது. எடையில் அது ஒன்றுக்கு இரண்டேகாலுக்கு மேல் ஆகிவிடும். ஒரு கிலோ ரவைக்கு இரண்டு கிலோ சர்க்கரை போட்டவர், “பாட்டி செய்த தித்திப்பு வரவில்லையே” என்று வருந்துவார். குறை கைப்பக்குவத்தில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, தலை தட்டுதலும் குவித்தலும். குவித்து அளந்த படி, தட்டிய படியினும் கூடுதலாகக் கொள்ளும். எவ்வளவு கூடுதல் என்பது பாத்திரத்தின் வாயகலத்தையும் அளப்பவர் மனத்தையும் பொறுத்தது. வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது தட்டியும் அளந்தவர் கதைகள் நம் ஊர்களில் பல உண்டு. கூலி நெல் பெற்ற ஏழை உழவர்க்கு அந்தக் குவியலே ஒரு வேளைச் சோறு. மற்றொன்று, மாவைச் சலித்து அளப்பதும் அமுக்கி அளப்பதும் ஒன்றாகா. ஐயம் வந்தவிடத்துத் தராசே நடுவர்.

முடிவுரை

மலர்க் குழுவினர் இக்கட்டுரையை எம்மிடம் கேட்டபோது, படி ஒழிந்து பல்லாண்டு ஆகிவிட்ட இக்காலத்தில் இது எதற்கு என்று சிலர் வினவினர். படி கடையை விட்டுத்தான் சென்றது. நம் குறிப்பேடுகளை விட்டுச் செல்லவில்லை. நம் இல்லங்களில் பாட்டியரும் அன்னையரும் எழுதி வைத்த ஏடுகள் ஆழாக்கிலும் வீசையிலும் பலத்திலும் பேசிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் பொருளை வாய்மொழியாக விளக்க வல்லவர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். எம் ஆண்டு விழாவில் திருத்தம் சொன்ன அந்த அம்மையாரும் இன்று நம்மிடையே இல்லை. பித்தளைப் படிகளோ ஒவ்வொன்றாகப் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போகின்றன. முகப்பதற்கென்று பிறந்த படி, இறுதியில் நிறுத்து விலை போகின்றது!

ஆதலின் அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தில் பழைய படி ஒன்று இருப்பின், விற்பதற்கு முன் ஒருமுறை நீரால் அளந்து, அந்த எண்ணைச் சமையற் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். அது எந்த ஊர்ப் படி என்பதையும் எழுதுங்கள். மூத்தோர் இருப்பின், அவர் ஒரு கைப்பிடி என்பது எவ்வளவு என்று ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். தஞ்சைக் கணக்கர் தம் மரக்காலின் பெயரையும் அதற்கு ஒத்ததையும் கல்லில் எழுதி வைத்தனர். நாம் தாளிலாவது எழுதி வைப்போம்.

அடுத்த ஆண்டு விழாவிற்கே 14 கிலோ அரிசி வாங்கினோம் என்பதையும் கூறி முடித்தல் முறையாகும். பாசிப்பருப்பு 3½ கிலோ, வெல்லம் 21 கிலோ, நெய் 3 கிலோ 750 கிராம். பொங்கல் குழைவாக, பதமாக அமைந்தது. கடைசிப் பந்தியில் பரிமாறும் வேலையை யாமே கேட்டு ஏற்றுக்கொண்டோம். ஒவ்வோர் இலையிலும் முதற்கரண்டியை இடும்போது, பாட்டியாரை நினைந்து, “லாபம்” என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!